ஒட்டடை சொல்லாத பாதி

பையன் இரண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வரவில்லை. முதல் தடவை கேட்டபோது படிக்க நிறைய இருக்கிறது என்றான். இரண்டாவது தடவை, "அண்ணன்கூட இங்கேயே இருந்துக்கிறேன்ப்பா" என்றான்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை அவன். அவனுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இந்த அண்ணன் எங்கிருந்து முளைத்தான் என்று கேட்டேன்.

"ஐக்கியத்துல என்னோட துணையண்ணன்ப்பா. முன்னாடியே சொன்னேனே."

சொல்லியிருப்பான். பட்டறையில் நின்றுகொண்டு போன் பேசினால் எனக்குப் பாதிதான் காதில் ஏறும். திரும்பச் சொல்லச் சொன்னேன். காலேஜில் கிறிஸ்தவப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிற ஐக்கியம் ஒன்று இருக்கிறதாம். அதில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பையனுக்கும் கடைசி வருஷத்துப் பையன் ஒருவனைத் துணையாக வைப்பார்களாம். பொண்ணுங்களுக்கு அப்படியே ஒரு அக்கா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரைக்கும் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து வேதம் வாசிப்பார்கள், ஜெபம் பண்ணுவார்கள், பேசுவார்கள்.

"என்ன பேசுவீங்க?"

"எல்லாம்தான்ப்பா."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான்."

என்னோடு ஒரே கூரைக்கு அடியில் பதினெட்டு வருஷம் இருந்தவன். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை என்னிடம் பேசினதில்லை. யாரோ ஒருத்தனிடம் போய் எல்லாம் பேசுகிறானாம்.

நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். நாற்பத்து மூன்று வருஷமாக இதே வேலை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற அத்தனை பேரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "திடீர்னு நின்னுடுச்சு." கழற்றிப் பார்த்தால் உள்ளே காயில் கரியாக இருக்கும். பத்து நாளாக உறுமியிருக்கும், சூடேறியிருக்கும், நாறியிருக்கும். இவன் கண்டுகொண்டிருக்க மாட்டான். அதனால் யார் என்ன சொன்னாலும் நான் நம்புவதில்லை. கழற்றிப் பார்ப்பேன்.

பக்கத்துக் கடை மச்சானுடையது. என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். சைக்கிள் கடை வைத்திருக்கிறான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"மாப்ளே, பையன் கையை விட்டுப் போறான். அடுத்த வருஷம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு மைக் புடிச்சுப் பிரசங்கம் பண்ணுவான் பாரு."

"மைக்கா? அவன் சோறு வேணும்னு கேக்கவே வாயைத் திறக்க மாட்டான்."

"அப்படிப்பட்டவனுங்கதான் மாப்ளே மைக் கிடைச்சா விடமாட்டானுங்க."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போனது என் மனைவி. நான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போவேன். கடைசியாக அவள் சாவுக்குப் போனது. அப்போது அதற்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எப்படிப் போனாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம், திடீரென்று போய்விட்டாள் என்று சொன்னேன். மச்சானுக்கும் அதைத்தான் சொன்னேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒருத்தன் இன்னொருத்தனுக்காக வாரம் ஒரு மணி நேரம் சும்மா உட்காருவானா? என்ன கிடைக்கும் அவனுக்கு? ஏதோ ஒன்று இல்லாமல் உட்கார மாட்டான். போய்ப் பார்த்து, அந்த அண்ணனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். சனி, ஞாயிறு வீட்டில் இருக்கட்டும். பேச வேண்டியதை என்னிடம் பேசட்டும்.

வெள்ளிக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். நாலு மணி நேரம். வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் போனால்தான் உள்ளது உள்ளபடி தெரியும்.

காலேஜ் வாசலில் இருந்த காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐக்கியமா? கெமிஸ்ட்ரி கட்டடத்துக்குப் பின்னாடி போங்க பெரியவரே. பாட்டுச் சத்தம் கேக்குற பக்கம் போனாப் போதும். மூக்கை மட்டும் பொத்திக்கங்க, ஆசிட் நாத்தம்."

பாட்டு இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. அது பழைய சாமான் அறை. மேஜையெல்லாம் அங்கங்கே ஆசிட் தின்ற ஓட்டை. மூலையில் ஒரு தொட்டி, அதன் ஓட்டையில் துணியை அடைத்து வைத்திருந்தார்கள். சுவரில் காற்றை வெளியே தள்ளுகிற மின்விசிறி உறுமிக்கொண்டிருந்தது. தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் ஓடினால் காயில் போய்விடும். ஏழெட்டுப் பிள்ளைகள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் பையன் இல்லை. ஒருத்தன் கிடாரை முறுக்கிக்கொண்டிருந்தான்.

கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு கையில் ஃபைலோடு வந்தாள். "யாரைப் பாக்கணும் அங்கிள்?"

முதல் வருஷம் எலெக்ட்ரிக்கல் படிக்கிறானே, அதிகம் பேசாதவன், அவனுடைய அப்பா என்றேன்.

அறையே அடங்கிவிட்டது. கிடார் நின்றது. ஒருத்தன் எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினான். இன்னொருத்தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். எல்லார் முகத்திலும் ஒரு இளக்கம். என் மனைவியைப் புதைத்த அன்றைக்குக்கூட யாரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

அந்தப் பொண்ணு என் எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம் அங்கிள். உங்களுக்காக நாங்க எல்லாரும் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம்."

"எனக்கு என்ன கேடு?"

அவள் முகம் மாறியது. "இல்ல அங்கிள்... பொதுவா..."

"பொதுவான்னா எல்லா அப்பனுக்குமா, எனக்கு மட்டுமா?"

கிடார் பையன் மின்விசிறியைப் பார்த்தான். அவள் மடியில் இருந்த ஃபைல் மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டாள். எதையாவது மறைக்கிறவன் கை முதலில் அங்கேதான் போகும். பட்டறையில் தினமும் பார்க்கிறேன்.

"அதுக்குள்ளயா இருக்கு?"

"இது ஜெபக்குறிப்பு அங்கிள். இதுல யார் பேரும் எழுத மாட்டோம்."

"பேர் இல்லைன்னா பாக்குறதுல என்ன வந்துச்சு? கொடு இப்படி."

கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். விரல் வைத்துத்தான் வாசிப்பேன். ஒரு சகோதரியின் தாயாருக்கு நடக்க இருக்கும் அறுவை சிகிச்சைக்காக. விடுதிச் சமையல்காரருக்கு உப்பின் அளவு தெரிய. பரீட்சை பயம் நீங்க. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், குண்டு குண்டாக ஒரு வரி. தாயின் மரணத்துக்குக் காரணமான தகப்பனை மன்னிக்க முடியாமல் தவிக்கும் முதலாம் ஆண்டுச் சகோதரனுக்காக.

இரண்டு தடவை வாசித்தேன். பேர் இல்லைதான். பேர் எதற்கு? நான் யாரென்று சொன்ன உடனே நாற்காலி நகர்ந்ததே.

எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரிந்தது என்று இரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மண்ணுக்குள் போய்விட்டாள், அதனால் எனக்கு மட்டும் தெரிந்தது என்று. இங்கே பார்த்தால், முகம் தெரியாத பிள்ளைகளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவனிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

"இதை எழுதினது யாரு?"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். நெட்டையாக, சதையே இல்லாமல், ஆணியில் மாட்டின மாதிரி சட்டை. கையில் பிஸ்கட் பொட்டலம். "என்னடா எல்லாரும் மௌன ஜெபமா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், என்னைப் பார்த்ததும் நின்றான்.

"ஒட்டடை அண்ணா, இவரு..." என்று அந்தப் பொண்ணு ஆரம்பித்தாள்.

இவன்தான் துணையண்ணன். நான் நினைத்து வந்தது வேறு. தேன் ஒழுகப் பேசுகிற ஒருத்தன், தலையை வழித்துச் சீவி, வாசனை அடித்துக்கொண்டு இருப்பான் என்று நினைத்தேன். இது என்னடாவென்றால் உண்மையிலேயே ஒட்டடைக் குச்சி.

"வாங்கப்பா" என்றான்.

"என்னை அப்பான்னு கூப்பிடாதே. இதை எழுதினது நீயா?"

ஃபைலைப் பார்த்தான். அந்தப் பொண்ணைப் பார்த்தான். பிஸ்கட்டை மேஜையில் வைத்தான்.

"நான்தான். எழுதியிருக்கக் கூடாது."

எட்டிச் சட்டையைப் பிடித்தேன். எனக்கு அறுபத்தெட்டு வயசு. ஆனால் மோட்டாரின் இரும்பு ஸ்டேட்டரைத் தனியாகத் தூக்குகிற கை இது. அவன் ஆடினான்.

"என்ன சொன்னான் என் பையன்? முழுசா சொல்லு."

"அதைச் சொல்ல மாட்டேன்."

"ஊருக்கெல்லாம் எழுதி மாட்டிட்டு எனக்குச் சொல்ல மாட்டியா?"

"எழுதினது தப்பு. என்னால தனியா தாங்க முடியலை. லீடர்ஸ் ஜெபத்துல கேட்டுக்கலாம், பேர் சொல்லாம இருந்தா தப்பில்லைன்னு நினைச்சுட்டேன். ஜெபம்தானேன்னு நினைச்சேன்."

"வேற என்ன சொன்னான்? சொல்லுடா!"

உலுக்கினேன். பட்டன் தெறித்தது. கிடார் பையன் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான், உதறினேன். ஒட்டடை கையை ஓங்கவில்லை, என் கையைத் தட்டிவிடவும் இல்லை. முகம் வெளிறிப்போய் நின்றான். "இதுக்கு மேல ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. அடிச்சாலும் வராது. அவனைக் கேட்டுக்கங்க" என்றான்.

அப்போதுதான் பையன் வாசலில் நின்றதைப் பார்த்தேன். தோளில் பை. எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. என்னைத் தாண்டிப் போய் ஃபைலை எடுத்தான். வாசித்தான். அவனுக்கு விரல் வைக்க வேண்டியதில்லை, ஆனாலும் ரொம்ப நேரம் வாசித்தான்.

"இது நமக்குள்ளன்னு சொன்னீங்கண்ணா."

"தப்புப் பண்ணிட்டேன்டா தம்பி."

"எல்லாருக்கும் தெரியுமா?"

பையன் அந்தப் பொண்ணைப் பார்த்தான், அவள் அழுதுகொண்டிருந்தாள். ஃபைலை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. வெட்கமில்லாமல் சொல்கிறேன். வந்த வேலை முடிந்தது. இனிமேல் இவன் அண்ணன் நொண்ணன் என்று பேசமாட்டான், வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டே அவன் பின்னால் நடந்தேன்.

விடுதி அறையில் அவன் பையில் துணியை அடைத்துக்கொண்டிருந்தான். என்னை உட்காரச் சொல்லவில்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. கட்டம் போட்டு, தேதி போட்டு. மேலே குண்டு குண்டான அதே கையெழுத்து. "ஆறு மணிக்குக் கண்ணைத் திற. ஆறரைக்குக் கீழே வா. மெஸ் வாசலில் நிற்பேன். வராவிட்டால் மாடி ஏறி வருவேன், எனக்கு மூட்டு வலி, பாவம் பார்."

கட்டங்களில் முதல் மாதம் முழுக்கப் பெருக்கல் குறி. அடுத்த மாதம் அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக். அதற்கப்புறம் டிக் டிக்காகப் போனது. இன்றைய கட்டத்திலும் டிக் இருந்தது.

"என்னடா இது?"

"காலையில எழுந்திரிக்க முடியலைப்பா. வந்த புதுசுல."

"காய்ச்சலா?"

"இல்ல."

"பின்ன என்ன சோம்பேறித்தனமா?"

அவன் பையின் ஜிப்பை இழுத்தான். "போலாம்" என்றான்.

வாசலில் காவலாளி, "என்ன பெரியவரே, கூட்டத்துக்குப் போகலியா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்றார். நான் பையன் பின்னால் நடந்தேன். பின்னால் கெமிஸ்ட்ரி கட்டடத்தின் பக்கம் பாட்டுச் சத்தமும் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் நின்றேன். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வெயில் இறங்கியிருந்தது. சாலையில் ஆட்கள் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. நாலு மணி நேரம் இப்படியே பஸ்ஸில் வருவோம், அப்புறம் வீட்டில் இரண்டு நாள் இப்படியே இருப்போம் என்று தோன்றியது.

"அவன்கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லு" என்றேன்.

"வேண்டாம்ப்பா."

"சொல்லுடா. யார் யாரோ வாசிக்கிறான். நான் கேக்கக் கூடாதா?"

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். மெதுவாக, மனப்பாடம் பண்ணினதைச் சொல்கிற மாதிரி.

"அன்னைக்குக் காலையில ஆறு மணி இருக்கும். அம்மா நெஞ்சை அடைக்குதுன்னாங்க. நீங்க வாயுன்னு சொன்னீங்க. சோடா குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிடும்னீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டாங்க. அங்க போனா இல்லாத வியாதியெல்லாம் இருக்குன்னுதான் சொல்லுவான், ஒருத்தனையும் நம்பாதேன்னு சொல்லிட்டுப் பட்டறைக்குப் போயிட்டீங்க."

எல்லாம் சரி. ஒரு வார்த்தைகூட மாறவில்லை. சோடா பாட்டிலை நானே உடைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன், அதை அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவன் தூங்குகிறான் என்று நினைத்திருந்தேன். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி பட்டறைக்கு ஓடி வந்தாள்.

"அதைத்தான் எழுதியிருக்கான் அவன்" என்றேன்.

"அது பாதிதான்ப்பா."

"மீதி என்ன?"

அவன் பையின் வாரைச் சுருட்டினான், விட்டான், மறுபடி சுருட்டினான்.

"நீங்க போனதுக்கப்புறம் அம்மா என் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. தம்பி, முழிச்சிருக்கியான்னு கேட்டாங்க. நான் முழிச்சுத்தான் இருந்தேன். கண்ணை மூடிக்கிட்டேன்."

பஸ் ஒன்று வந்தது. எங்களுடையது இல்லை. இரண்டு பேர் இறங்கினார்கள்.

"ஏன்டா?"

"வாயுதானேன்னு நினைச்சேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். எழுந்தா கடைக்குப் போகச் சொல்லுவாங்க, இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கலாம்னு. அம்மா ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நான் நிஜமாவே தூங்கிட்டேன்ப்பா."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவரில் ஒட்டியிருந்த தாளும் அந்தப் பெருக்கல் குறிகளும் கண் முன்னால் வந்தன. காலையில எழுந்திரிக்க முடியலைப்பா. நான் காய்ச்சலா என்று கேட்டேன், சோம்பேறித்தனமா என்று கேட்டேன்.

"இதை அவன்கிட்ட சொன்னியா?"

"நாலு மாசம் ஆச்சு சொல்றதுக்கு. அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை போய் உட்காருவேன், அவரும் உட்கார்ந்திருப்பாரு. பேசுன்னு சொல்லவே மாட்டாரு. அவங்க அப்பா தையல்கடையைப் பத்தி, அவருக்கு கணக்குல எத்தனை அரியர்ங்கறதைப் பத்தி ஏதாவது சொல்லிக்கிட்டு இருப்பாரு. ஒருநாள் சொல்லிட்டேன்." பையின் வாரை விட்டான். "இப்ப அதையும் எல்லாருக்கும் சொல்லியிருப்பாரு. எல்லாரும் ஒருமாதிரி பாத்தாங்களே, இதுக்குத்தான் போல."

எனக்கு இப்போது இரண்டு வழி இருந்தது. ஆமாம்டா, சொல்லியிருப்பான், யாரையும் நம்பாதே, வா வீட்டுக்கு என்று சொல்லலாம். என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற பேச்சு அது. அவள் கடைசியாக என்னிடமிருந்து கேட்டதும் அதுதான். சொன்னால் பையன் என்னோடு பஸ் ஏறுவான். திரும்ப இந்தப் பக்கம் வரமாட்டான்.

சட்டைப் பையில் கையை விட்டேன். பட்டன் இருந்தது. ஒட்டடையுடையது. தெறித்தது என் உள்ளங்கையிலேயே நின்றிருக்கிறது, எப்போது பைக்குள் போட்டேன் என்று நினைவில்லை.

"அவன் சொல்லலைடா" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முழுசா சொல்லுன்னு சட்டையைப் புடிச்சு உலுக்கினேன். பட்டன் பிஞ்சு வந்துடுச்சு, பாரு. உன் பையனும்தான் எழுந்திரிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கேயே அடங்கியிருப்பேன். அவன் தப்பிச்சிருப்பான். சொல்லலை. அடிச்சாலும் வராதுன்னுட்டான். அதுங்க ஒருமாதிரி பாத்தது என்னைத்தான். உன்னை இல்ல."

அவன் பட்டனைப் பார்த்தான்.

"முதல் பாதியை எழுதினது தப்புதான். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாத பய. ஆனா ரெண்டாவது பாதி அவன் வயித்துக்குள்ளதான் இருக்கு. இதைக் கொண்டுபோய் அவன்கிட்ட கொடு. தையல்காரன் மகன்தானே, தைச்சுப்பான்."

"நீங்க?"

"நான் பஸ்ஸுக்குப் போறேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. எங்கள் பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு நல்லபடியாகச் சொல்ல வராது. வந்தபடி சொன்னேன்.

"டேய். அன்னைக்கு நீ எழுந்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். பட்டறைக்கு போன் பண்ணிக் கேட்டிருப்பே. உனக்கென்னடா தெரியும், போய்ப் படுன்னு உன்னையும் திட்டியிருப்பேன். அதனால நீ எழுந்ததும் ஒண்ணுதான், எழாததும் ஒண்ணுதான். விளங்குதா?"

அவன் என்னைப் பார்த்தான். மன்னித்த பார்வை என்று சொன்னால் பொய். நான் அந்த வரியில் எழுதியிருந்த தகப்பன்தான், இப்போது அதை நானே ஒத்துக்கொண்டும்விட்டேன். ஆனால் என் முகத்தை அவன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பட்டனை வாங்கிக்கொண்டான். பையைத் தோளில் போட்டான். சாலையைக் கடந்து வாசலுக்குள் போகிறவரைக்கும் திரும்பவில்லை.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் போய்ப் பட்டனைக் கொடுத்திருக்கிறான், ஆனால் மூன்று வாரம் ஒட்டடையோடு பேசவில்லையாம். அந்த மூன்று வாரமும் ஆறரை மணிக்கு ஒட்டடை மெஸ் வாசலில் நின்றிருக்கிறான். அதற்குமேல் என்ன ஆயிற்று என்று பையன் சொல்லவில்லை. ஜெபக்குறிப்பில் அந்த வரி இருந்த தாளை ஒட்டடையே கிழித்துவிட்டானாம். இனிமேல் துணையிடம் சொன்னது எந்தக் கூட்டத்துக்கும் போகக்கூடாது, ஜெபத்துக்கும் போகக்கூடாது என்று பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு பண்ணியிருக்கிறார்கள். முன்பே பண்ணியிருக்க வேண்டும்.

ஒட்டடை அரியரையெல்லாம் முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பையனிடம் இப்போது முதல் வருஷத்துப் பிள்ளை ஒன்று இருக்கிறது. கடைசி வருஷத்தில் ஆள் குறைவு என்று இவனைத் துணையாக வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு மேல் நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டான். அந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று ஒருநாள் கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதுப்பா" என்றான். சரி என்று வைத்துவிட்டேன்.

விடுமுறைக்கு இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறான். சாப்பிட்டீங்களா என்று கேட்பான், சாப்பிட்டேன் என்பேன். காலையில் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறானாம்.

சாயங்காலமானால் மச்சான் இரண்டு டம்ளர் டீயோடு பட்டறைக்கு வந்து உட்காருவான். ஒரு மணி நேரம் சைக்கிள் கதை பேசுவான். எனக்கு வயசொத்தவன் என்று இருப்பது அவன் ஒருத்தன்தான். அவன் அவளுடைய அண்ணன். நேற்று ஒருத்தன் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, திடீரென்று நின்றுவிட்டது என்றான். அவன் போனதும் மச்சான் தலையை ஆட்டினான்.

"என் தங்கச்சியும் அப்படித்தான் போனா, இல்ல மாப்ளே? திடீர்னு."

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"மச்சான்" என்றேன்.

"என்ன மாப்ளே?"

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீ ஆறுது, குடி" என்றேன்.